கைதி கட்டிய சுவர்

செங்கல்லை நீரில் நனைத்த பின்னரே சாந்தின்மீது வைத்தல் வேண்டும் என்பது கொத்துவேலை தெரிந்தோர் யாவரும் அறிந்த விதி. உலர்ந்த கல் சாந்திலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும், நீரை இழந்த சீமெந்து முற்றாக இறுகாது, கல்லையும் பற்றாது. ஆயினும், நனைத்து வைத்த கல்லும் நனைக்காது வைத்த கல்லும் பூச்சு முடிந்தபின் கண்ணுக்கு ஒன்றுதான். குறை வெளிப்படும் காலத்தில் கட்டியவன் எந்த ஊரிலோ வேறொரு சுவரில் நின்றுகொண்டிருப்பான். காண்பாரில்லாத இடத்திலும் கல்லை நனைப்பவனை நாம் நேர்மையாளன் என்கிறோம். இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால், அச்சுவர் அவனைச் சிறைப்படுத்தியவனுக்கே உரியதாயின் என்ன சொல்வது? அப்போதும் அது நேர்மையா, அன்றி அடிமைப் புத்தியா?

இவ்வினாவை எழுப்புகின்ற நூல், 1962ஆம் ஆண்டு நவம்பரில் 'நோவி மிர்' சஞ்சிகையில் வெளிவந்த, அலெக்சாந்தர் சோல்செனிற்சினின் 'இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்' ஆகும். 1951ஆம் ஆண்டின் சனவரி நாளொன்று, சோவியத் கைதிமுகாம், பூச்சியத்துக்குக் கீழே இருபத்தேழு பாகைக் குளிர். கைதியான சுகோவ் மின்னிலையமொன்றின் சுவரைக் கட்டுகிறான். கரிக்கசடு கலந்து வார்த்த சீமெந்துக் கற்கள். சூடாக மேலே ஏற்றப்படும் சாந்து. அது உறைந்துபோகுமுன் பரப்பிக் கல்லை வைத்து நேர்செய்துவிட வேண்டும். பிந்தினால் கல் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும். பின்பு பெயர்த்தெடுத்துப் பழைய சாந்தைச் செதுக்கித்தான் மீண்டும் வைக்கலாம். அவனுக்கு முன்பு அவ்விடத்தில் கட்டிய யாரோ ஒருவன் சுவரைக் குழிய விட்டிருக்கிறான். அக்குழிவை ஒரே வரியில் நிமிர்த்த முடியாது. மூன்று வரிகளிற் சிறிது சிறிதாகச் சாந்தைக் கூட்டியே சரிசெய்யலாம் எனச் சுகோவ் கணக்கிடுகிறான். முன்பின் அறியாத ஒருவனின் பிழையை அவன் தன் பிழையாக ஏற்றுக்கொள்ளும் அவ்விடத்தை நான் பலமுறை படித்ததுண்டு.

உணவுக்காகவே அவ்வாறு செய்தான் என்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் நூலே அதற்கு இடந்தரவில்லை. முகாமிற் பாணின் அளவைத் தீர்மானிப்பது சுவரைவிட, செய்த வேலையின் வீதத்தைக் காட்டும் கடதாசியே; அதைச் சாதுரியமாக எழுதுவிப்பது குழுத்தலைவனின் திறமை. சுவர் நேராக நிற்பதால் எவருடைய பாணும் கூடிவிடப் போவதில்லை. வேலைநிறுத்த ஒலி எழுந்த பின்னரும், மிஞ்சிய சாந்தை வீணாக்க மனமின்றிச் சுகோவ் நிற்கிறான். எண்ணிக்கைக்குப் பிந்தினால் தண்டனை உண்டென்பது தெரிந்தே நிற்கிறான். நல்ல சாந்தகப்பையொன்றைக் கருவிக்களத்துக்குத் திருப்பிக் கொடுக்காது ஒளித்துவைப்பவனும் அவனே. திருட்டுத்தான், ஆயினும் மறுநாள் வேலை நன்றாக அமைவதற்கான திருட்டு!

கார்ல் மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில், அந்நியமான உழைப்பின் அடையாளமொன்றைக் கூறுகிறார்: கட்டாயம் நீங்கியதும் மனிதன் அவ்வுழைப்பை விட்டு ஓடுவான். கைதிமுகாம் உழைப்பிலும் அந்நியமான உழைப்பு வேறேது? ஆனால் இங்கே ஓடச் சொல்கிறது கட்டாயம், நிற்கிறான் கைதி. மார்க்ஸ் பிழைத்தார் என்று இதைக்கொண்டு முடிவுகட்ட நான் துணியேன். சுவர் முழுவதும் அதிகாரத்துக்கு உரியதாயிருக்க, கல்லுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட அச்சிறு சாந்துப்படை மட்டும் சுகோவினுடையதாகி விடுகிறது என்பதே என் விளக்கம். அவனிடமிருந்து பறிக்க முடியாது போனது அவ்வளவே.

இவ்விளக்கம் எனக்கு நிறைவளித்திருந்தது, குருஷேவைப் பற்றி அறியும் வரை. அந்நூல் வெளிவர அனுமதித்த குருஷேவுக்கு அதிற் குறிப்பாகப் பிடித்திருந்தது, இவான் டெனிசோவிச் சாந்தைச் சிக்கனப்படுத்தும் காட்சியாம்! ஒருவன் தன் மானத்தைக் காத்துக்கொண்ட இடம், ஆட்சியாளருக்கு நல்ல தொழிலாளியின் இலட்சணமாகத் தெரிந்திருக்கிறது. சாந்து சுகோவுக்கு உரியதென்றேன். அதன் பயனோ முழுமையாக மற்றவனுக்கே சேர்ந்தது. பறிக்க முடியாததைப் பறிக்கவேண்டிய தேவையே அதிகாரத்துக்கு இருக்கவில்லை.

மின்னிலையம் எனும்போது, அதன் வெளிச்சம் என்றோ ஒருநாள் சாதாரண மக்களுக்கும் கிட்டும் என்று ஆறுதல் கொள்ளலாம். சோல்செனிற்சினுக்கோ அவ்வாறுதலும் வாய்க்கவில்லை. எக்கிபஸ்துஸ் முகாமிற் கைதியாய்க் கொத்துவேலை செய்த அவர், முகாமுக்குள்ளேயே எழுந்த சிறையின் சுவரையும் கட்டினார். அங்கே நேராக வைக்கப்பட்ட ஒவ்வொரு கல்லும் தோழர் ஒருவரை மேலும் உறுதியாக அடைப்பதற்கே உதவும். தொழிற்றிறன் தன்னளவில் அறமாகிவிடும் என்ற கொள்கை இச்சுவரில் மோதி நின்றுவிடுகிறது. சுகோவின் சுவரை மெச்சிய நான், இச்சுவரில் உலர்ந்த கல்லை வைப்பதே அறம் என்பேன். ஆனால் உலர்ந்த கல்லை வைத்துப் பழகிய கை, விடுதலையான பின் நனைத்து வைக்குமா என்ற அச்சமும் என்னை விட்டகலவில்லை.

அச்சுவரைப் பற்றி 'கொத்தன்' என்றொரு கவிதையையும் சோல்செனிற்சின் முகாமிலேயே இயற்றினார். அது அதே தலைப்பில் 1901இல் வலேரி பிரியூசொவ் எழுதிய கவிதையை நினைவிற்கொண்டு பிறந்தது. பிரியூசொவின் கவிதையில், யாருக்காகக் கட்டுகிறாய் என்று வழிப்போக்கன் ஒருவன் கொத்தனை வினவுகிறான். சிறைச்சாலை என்கிறான் கொத்தன். செல்வர்கள் அதற்குள் வரப்போவதில்லை. தன்னைப்போலவே தொழிலாளியான தன் மகன் வரக்கூடும் என்பதும் அவனுக்குத் தெரிகிறது. மேலும் கேட்க வாயெடுத்தவனை, அதெல்லாம் தமக்குத் தெரியும், பேசாதிரு என்று அடக்கிவிடுகிறான். சாரத்தின் கீழே நின்று கேட்டவன் ஒரு கல்லும் அடுக்கியவனல்லன், நானும் அல்லன்.