பாட்டு கற்றுத்தரும் பாவனை

பதினைந்து வயதில் ஒரு பாட்டு காதோடு நிற்பதில்லை; நடையில் இறங்குகிறது, தலைமுடியில் ஏறுகிறது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, செல்போனில் பாட்டில் வரும் நாயகனின் படத்தைக் காட்டி "இதே மாதிரி வெட்டுங்கண்ணே" என்று கேட்கும் பையனைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. முடி வளர்ந்துவிடும்.

பதற வேண்டிய இடம் வேறு. 2011-ல் 'ஒய் திஸ் கொலவெறி டி' என்ற சினிமாப் பாட்டு நாடெங்கும் ஒலித்தபோது, காதலையே அறியாத சிறுவர்களும் காதல் தோல்வியைப் பாடித் திரிந்தார்கள். அனுபவம் வருமுன்பே அதற்கான பாவனை வந்து சேர்ந்துவிடுகிறது. வேண்டாம் என்றவளை ஏசுவதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டு வளர்ந்தவனுக்கு, முதல் மறுப்பு வரும் நாளில் வாயில் வேறு சொல் இருப்பதில்லை. திரையில் யாராவது சிகரெட்டைப் பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை வரி வருகிறது. மறுத்த பெண்ணை விடாமல் துரத்திச் சம்மதிக்க வைக்கும் காட்சிக்கு எந்த வரியும் வருவதில்லை, விசில்தான் வருகிறது.

ஆனாலும் பாட்டைப் பகையாக்கிவிட முடியாது. மதிப்பெண் குறைந்த இரவில், வீட்டில் எல்லோரும் முகம் திருப்பிக்கொண்டபோது, அந்தப் பிள்ளைக்குத் துணையிருந்ததும் ஏதோ ஒரு பாட்டுதான். அதையும் பிடுங்கினால் இயர்போன் போர்வைக்குள் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் உனக்கு என்ன பிடிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மெட்டு என்றுதான் சொல்வான். வரிகள் என்ன சொல்கின்றன என்பதை அப்போதுதான் முதல் தடவையாகக் கவனிப்பான்.