குதிரை அறியும் மனம்

ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆண்டுதோறும் ஆடி மாதம், குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுகின்றது. 1979 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் அது. கத்தியவார், மார்வார் இனக் குதிரைகளும் அங்கே விலைக்கு வருகின்றன. வாங்குவோர் பல் பார்ப்பர், சுழி பார்ப்பர், ஏறி ஓட்டியும் பார்ப்பர். ஒருவரிடம் அடங்கி நடந்த குதிரை மற்றொருவர் ஏறியதும் மிரள்வதுண்டு. உடனே குதிரையை முரடென்று தீர்த்துவிடுகிறோம். ஏறியவரின் மனநிலையை விசாரிப்பார் இல்லை.

விசாரிக்க வேண்டியது அதுவே. 2009இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். குதிரையேறியவர்கள் ஒரே பாதையில் நான்கு முறை சென்றனர். நான்காம் முறைக்குச் சற்று முன், வழியில் குடை ஒன்று திடீரென விரிக்கப்படும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. குடை விரிக்கப்படவேயில்லை. ஆயினும் ஏறியவரின் இதயத்துடிப்பு உயர்ந்தது. சேதியறியாத குதிரையின் இதயத்துடிப்பும் உயர்ந்தது. அஞ்சியவரின் தொடை இறுகும், கடிவாள வார் இழுபடும், மூச்சு மாறும். ஈ அமர்வதையும் உணரும் தோலுடைய குதிரைக்கு அவ்வளவு போதும்.

அரபியில் குதிரைக்கு ‘பரஸ்’ என்று பெயர். புறக்குறி கொண்டு அகம் அறியும் நுண்ணறிவு ‘பிராஸத்’ எனப்படும். இரண்டிலும் உள்ள மூலவெழுத்துகள் ஒன்றே.

மதீனாவில் ஓரிரவு பேரொலி கேட்டு மக்கள் கலங்கினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில், சேணமுமின்றி ஏறித் தனியே சென்று பார்த்துத் திரும்பி, அஞ்ச வேண்டாமென்றார்கள். மந்தமானதெனப் பெயரெடுத்த அக்குதிரையைக் கடலுக்கு ஒப்பிட்டார்கள். அது அண்ணலாரின் பரக்கத் என்பதில் நமக்கு ஐயமில்லை. அஞ்சிய ஊரில் அஞ்சாத ஒருவரைச் சுமந்த குதிரை அது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. சொல்லிலோ செயலிலோ வெளிப்படாதவரை உள்ளத்தின் ஊசலாட்டங்களை அல்லாஹ் மன்னித்துள்ளான் என்பது நபிமொழி. அவ்வாறாயின், வாய்திறந்து சொல்லாத சினத்துக்கு மனிதன் பொறுப்பாளியாவது எப்படி?

எண்ணம் எங்கே முடிந்து செயல் எங்கே தொடங்குகின்றது என்பதில்தான் விடை இருக்கின்றது. நாவைக் கட்டியதால் சினத்தை அடக்கிவிட்டோம் என்று நினைக்கிறோம். கையோ அதற்குள் வாரை இறுக்கிவிட்டது. இறுகிய கை செயலே. சினம் எழுவது நம் வசத்தில் இல்லை. எழுந்த சினத்தோடு சேணத்தில் ஏறுவது நம் வசத்தில் இருக்கின்றது.

ஹிஜ்ரி 187இல் மறைந்த புளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்கள், தாம் இறைவனுக்கு மாறு செய்தால் அதன் அடையாளத்தைத் தம் கழுதையின் குணத்திலும் பணியாளின் குணத்திலும் கண்டுகொள்வதாகக் கூறியதாக நூல்கள் கூறும். வாய்ப்புண்ணாலும் முதுகை உறுத்தும் சேணத்தாலும் குதிரை மிரளலாம். எல்லாப் பழியும் ஏறியவர்மேல் அன்று. எனினும் அப்பெரியார் தேடலைத் தம்மிடமிருந்தே தொடங்கினார்.

பணியாளையும் அவர் சேர்த்துச் சொன்னது கருதத்தக்கது. தந்தை ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டுக்குள் நுழையும்போதே பிள்ளைகள் ஒதுங்கும் இல்லங்கள் உண்டு. ஆசிரியர் புத்தகத்தைத் திறக்குமுன்பே மாணவர் நெஞ்சு படபடக்கும் வகுப்புகளும் உண்டு. அங்கெல்லாம் பிள்ளைகளை முரடரென்றோ மந்தரென்றோ சொல்கிறோம்.

சினம் கொண்டவர் நின்றிருந்தால் அமரட்டும் என்பது நாயக வாக்கின் கருத்து. குதிரைமேல் இருப்பவர் சற்று இறங்கி நிற்கட்டும். மூச்சு சீரானபின் ஏறலாம். அதன்பின்னும் குதிரை மிரண்டால் அதன் வாயையும் முதுகையும் பார்க்கலாம். சவுக்கை நாடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இவை.