கண் கொடுத்தவன் பொறுப்பு

பார்ப்பது கண்ணின் தொழிலா, அறிவின் தொழிலா? 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், தமது ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் ஒளியியல் பெருநூலில் இவ்வினாவை ஆராய்ந்தார். ஒளி கண்ணுட் புகுவதோடு காட்சி முற்றுப்பெறுவதில்லை. பிரித்தறியும் ஆற்றலாகிய ‘தம்யீஸ்’ துணைநின்றால்தான் கண்டது இன்னதென விளங்கும் என்பது அவர் கண்ட முடிவு.

அந்தப் பிரித்தறிதலில் ஒரு பங்கை இன்று கணிப்பொறியும் கற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ஜோசப் ரெட்மன், 2015இல் தம் தோழர்களுடன் ‘யோலோ’ என்னும் முறையை வெளியிட்டார். முந்தைய முறைகள் பல, ஒரு படத்தைப் பகுதி பகுதியாக எடுத்து ஆராய்ந்தன. யோலோவோ படம் முழுவதையும் ஒரே நோக்கில் கண்டு, மனிதன் எங்கே, வாகனம் எங்கே என்று கட்டமிட்டுக் காட்டிற்று. அதுவும் விநாடிக்கு 45 படங்கள் என்னும் வேகத்தில். யாவரும் எடுத்தாளுமாறு அது திறந்தே வைக்கப்பட்டது. புகழும் வந்தது.

புகழோடு கலக்கமும் வந்தது. தெருவில் நடப்பவனை விபத்திலிருந்து காக்கும் கண்ணே, அவனை வேவு பார்க்கும் கண்ணாகவும், போர்க்களத்தில் குறிவைக்கும் கண்ணாகவும் ஆகலாமன்றோ? 2018இல் எழுதிய ஆய்வுரையின் இறுதியிலேயே இத்தகைய அச்சத்தை அவர் வெளியிட்டார். 2020 பிப்ரவரியில், இராணுவப் பயன்பாட்டையும் தனிமனித அந்தரங்கத்துக்கு நேரும் ஊறையும் இனிப் புறக்கணிக்க இயலாதென்று கூறி, தாம் நேசித்த அவ்வாய்வையே நிறுத்திவிட்டதாக அறிவித்தார்.

“கொல்லன் அரிவாள் அடிக்கிறான், கதிரறுப்பதும் கழுத்தறுப்பதும் வாங்கியவன் செயல்” என்பர் சிலர். பொதுவில் அது சரியே. ஆனால், நள்ளிரவில் கண் சிவக்க ஒருவன் வந்து, “விரைவாய்த் தீட்டிக் கொடு” என்று நிற்கும்போது, தீட்டுவதே என் தொழில் என்று கொல்லன் கூறித் தப்ப முடியுமா? அறியாதவரையில்தான் அந்த வாதம் அவனைக் காக்கும், அறிந்தபின் காக்காது.

“அவர் விலகியதால் எது நின்றது?” என்றும் கேட்கலாம். எதுவும் நிற்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் வேறு ஆய்வாளர்கள் அம்முறையின் நான்காம் பதிப்பை வெளியிட்டனர். எனினும், ‘நான் செய்யாவிடில் பிறன் செய்வான்’ என்பது எந்தத் தீமைக்கும் பொருந்தும் சாக்கு. ஆதலால் எதையும் நியாயமாக்காத சாக்கு. அதற்காக எல்லாரும் விலகவேண்டும் என்பதன்று என் கருத்து. துறைக்குள்ளேயே நின்று, தம் கல்வி செல்லும் வழியைக் காத்து நிற்பதும் அறமே. ஒருவேளை அதுவே கடினமான அறம்.

இக்கல்வியை நாடிச் செல்லும் பிள்ளைகளிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். “நீ ஆக்கும் கண் யாரைப் பார்க்கும்? யாருக்காகப் பார்க்கும்?” என்பதையும் சேர்த்துக் கேட்போமாக. அந்தத் தம்யீஸைப் பொறியிடம் ஒப்படைக்க இயலாது.