பழவினையோடு வரும் வண்டி

பழைய காரைப் பார்க்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பது. சூடாக இருந்தால் அன்று அந்த வண்டியைப் பார்க்க வேண்டாம். நமக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து ஓடவிட்டிருக்கிறார்கள். இரவு முழுக்கக் கிடந்து குளிர்ந்த எஞ்சின் காலையில் எழுப்பும் முதல் சில நொடிச் சத்தத்தில்தான் அதன் உள்நிலை தெரியும். ஆயில் மேலேறிப் பரவியதும் எல்லாம் சாந்தமாகிவிடும். அதற்கப்புறம் எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இதில் கறார். "சார், ராத்திரியே ஓனர்கிட்ட சொல்லி வைங்க. காலையில நான் வர்ற வரைக்கும் யாரும் சாவியைத் தொடக் கூடாது" என்பார். வந்ததும் பேசமாட்டார், பேசவும் விடமாட்டார். விற்பவர் வண்டியின் பெருமையை ஆரம்பித்தால், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தியானத்துக்கு என்னென்னவோ பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. தன் விருப்பத்தைக் கலக்காமல் ஒன்றைக் கேட்பது எப்படி என்பதை நான் கண்கூடாகப் பார்த்தது அந்தத் தெருவோரத்தில்தான்.

அவர் எதைக் கேட்கிறார்? 2012-இல் இந்தியாவுக்கு வந்த பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் 320டி காரை எடுத்துக்கொள்வோம். ஆடம்பரக் கார்களின் வாசற்படி என்று சொல்லத்தக்க வண்டி. 1995 சி.சி. டீசல் எஞ்சின், 184 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். இதன் தொடக்கக்கால வண்டிகளில் இருந்த என்47 எஞ்சினில் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை. பின்பக்கம், கியர்பாக்ஸ் இருக்கும் பக்கம் இருக்கிறது. அந்த எஞ்சின் குடும்பத்தில், முக்கியமாக முன்னாட்களில் வந்தவற்றில், செயினும் அதன் வழிகாட்டிகளும் தேய்ந்து போவது உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. தேய்ந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் பின்னாலிருந்து ஒரு கரகரப்பு வரும். அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். மாற்றாமல் விட்டு ஒருநாள் அறுந்தால், வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். லட்சக்கணக்கில் செலவு வைக்கும் ஒரு செய்தி, அவ்வளவு சன்னமான ஒலியில் சொல்லப்படுகிறது. ஸ்டீரியோ ஓடிக்கொண்டிருந்தால் கேட்காது. வாங்கியே தீருவது என்ற முடிவோடு போயிருந்தால், ஸ்டீரியோ ஓடாவிட்டாலும் கேட்காது.

இந்த வண்டிகள் நம் சென்னைப் பக்கத்திலேயே பாகங்களைப் பூட்டி உருவாக்கப்பட்டவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோயிலை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் அந்தத் தொழிற்சாலை இயங்குகிறது. ஊருக்குப் பெயர் தந்தவர் பாடலாத்ரி நரசிம்மர், பல்லவர் காலக் குடைவரையில் குன்றோடு குன்றாக அமர்ந்திருப்பவர். நரசிம்மருக்கு நெற்றிக்கண் இருப்பது அங்கே விசேஷம். ஆரத்தியின்போது அர்ச்சகர் நெற்றியிலுள்ள நாமத்தைச் சற்றே விலக்கி அந்தக் கண்ணைக் காட்டுவார். தரிசனம் சில கணங்கள்தான். நாமம் மறுபடி இறங்கிவிடும். அந்தக் கண் எப்போதும் அங்கேயே இருக்கிறது, திறந்து பார்க்கச் சம்மதிப்பதுதான் அபூர்வம் என்று அந்தச் சந்நிதியில் நிற்கும்போது எனக்குத் தோன்றுவதுண்டு. பளபளக்கும் பெயின்ட்டுக்கு முன்னால் நிற்கும்போதும் நமக்கு அந்தச் சம்மதம்தான் வேண்டியிருக்கிறது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. முன்பு செய்து சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிப்பதற்கென்று வந்து சேர்ந்த பங்கு பிராரத்தம். இப்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். ஒரு பழைய வண்டியின் முன்னால் நின்று யோசித்தால் இந்தப் பிரிவு ஏட்டளவில் நிற்பதில்லை. முதல் உரிமையாளர் ஆயிலை எப்போது மாற்றினார், குளிர்ந்த எஞ்சினை எப்படி விரட்டினார், எந்தப் பள்ளத்தில் இறக்கினார் என்பதெல்லாம் சேர்ந்து உலோகத்துக்குள் கிடக்கிறது. அதில் எது நம் கையில் பழுத்து விழப்போகிறது என்பதைத்தான் சோதிக்கிறோம். அவர் செய்ததை நாம் அனுபவிப்போம். அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் நாம் குடியிருக்கும் வீடும், பேசும் மொழியும், உடம்பின் சர்க்கரை வியாதியும்கூட அப்படித்தானே வந்தன?

வண்டி தன் கடந்த காலத்தை மறைக்க முயல்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியமான விஷயம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. இருபதாயிரம்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் டயர் ஏற்கெனவே ஒருமுறை மாறியிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்புக் குறி உண்டு. ஒரு கதவுக் கண்ணாடி மட்டும் வேறு ஆண்டைக் காட்டினால் அந்தக் கதவுக்கு ஒரு கதை இருக்கிறது. பெயின்ட்டின் தடிமனை அளக்கச் சிறு கருவி கிடைக்கிறது. கம்பெனி பெயின்ட் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். டிங்கரிங் பார்த்துப் பட்டி போட்ட இடத்தில் அது பல நூறுக்கு எகிறும். மீட்டரைக் குறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். பிரேக் மிதியின் ரப்பரையும், டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும்போது உரசும் ஓரத்தையும் குறைத்து வைக்க அவர்களால் முடிவதில்லை. பி.எம்.டபிள்யூ. சாவிக்குள்ளேயே ஓடிய தூரம் பதிவாகியிருக்கும். சர்வீஸ் சென்டரில் அதைப் படிக்க முடியும். ஸ்கேனரைப் பொருத்துவதற்கு முன்பே பிழைக் குறியீடுகளை அழித்துவிடும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பெரும்பாலும் அதே கணினி சொல்லிவிடுகிறது. காஞ்சிபுரத்தில் எழுத்தாணியோடு கோயில் கொண்டிருக்கும் சித்திரகுப்தர் இதைக் கேட்டால் புன்னகைப்பார்.

சென்னை வண்டியென்றால் வெள்ளத்தை விசாரிக்காமல் இருக்க முடியாது. 2015 டிசம்பர், பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். முழங்கால் தண்ணீரில் நின்ற கார்கள் பிறகு கழுவி, உலர்த்தி, வாசனை தெளித்து விற்பனைக்கு நின்றன. தரை விரிப்பைப் புதிதாக மாற்றிவிடலாம். சீட் பெல்ட்டைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை அது வரும் மட்டும் முழுவதுமாக இழுத்துப் பார்க்க வேண்டும். நாம் தினமும் போட்டுக் கழற்றும்போது அதன் கடைசி முழம் வெளியே வருவதேயில்லை. சுருளுக்குள் இருட்டில் கிடக்கிறது. தண்ணீர் ஏறிய வண்டியில் அங்கே சேற்றுக் கோடு ஒன்று தங்கியிருக்கக்கூடும். சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஆவி, டிக்கியில் பேட்டரி இருக்கும் பள்ளத்தில் வண்டல் ஆகியவையும் அதே சாட்சியைச் சொல்லும். இப்படிப்பட்ட வண்டியில் ஒயர்கள் மெல்ல மெல்லப் பச்சை பூத்து, இரண்டு மழைக்காலம் கழித்து ஒவ்வொன்றாகக் கைவிடும். இதை மட்டும் வாங்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன். தேய்ந்த செயினுக்குப் பரிகாரம் உண்டு, இதற்கு இல்லை.

வடக்கிலிருந்து வந்த வண்டிகளும் நிறைய. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே ஆயுள் முடிந்ததாகக் கருதப்பட்டவை இங்கே என்.ஓ.சி.யோடு மறுபிறவி எடுத்தன. விலை மலிவாக இருக்கும். சாலை வரியையும் மறுபதிவுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

விலை என்றதும் ஆசையைப் பேசியாக வேண்டும். ஒரு காலத்தில் முப்பது லட்சத்துக்கு முன்னும் பின்னுமாக விற்ற வண்டி இன்று புதிய சிறிய காரின் விலைக்குக் கிடைக்கிறது. வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. உதிரிபாகத்தின் விலை அப்படியே இருக்கிறது. ஒரு ஜோடி ஷாக் அப்சார்பருக்கும், நான்கு ரன்ஃபிளாட் டயருக்கும் நாம் எவ்வளவு கொடுத்து வண்டியை வாங்கினோம் என்பது தெரியாது. இதை அறியாதவர் இல்லை. அறிந்தும் மனம் பானெட்டின் மேலுள்ள நீலமும் வெள்ளையுமான வட்டத்துக்கே திரும்பத் திரும்பப் போகும். சொந்தக்காரர்களின் கல்யாண மண்டப வாசலில் போய் இறங்குவது போல ஒரு படம் உள்ளே ஓட ஆரம்பித்துவிட்டால், அந்த வண்டியைச் சோதிப்பதற்கான தகுதியை நாம் இழந்துவிட்டோம். முதல் முறை பார்க்கப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம் என்பதும் இதனால்தான். பின் சீட்டில் ஜன்னலோரம் யாருக்கு என்று முடிவாகிவிட்டால், பிறகு ஸ்கேனர் என்ன சொன்னாலும் யார் காதிலும் ஏறாது. அட்வான்ஸ் பணத்தையும் எடுத்துப்போக வேண்டாம்.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. குறையைத் தேடிப்போகிறவருக்கு மெல்ல மெல்ல அதுவே ருசியாகிவிடும். ஒவ்வொரு கீறலையும் கண்டுபிடித்து, பத்தாயிரம் குறை, இருபதாயிரம் குறை என்று அடித்துப் பேசுவதில் ஒரு போதை இருக்கிறது. விற்பவர் நம் எதிரில் நிற்கிறார். தொழிலில் நொடித்திருக்கலாம், மகள் படிப்புக்காக விற்கலாம். டேஷ்போர்டில் பிள்ளையார் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் வட்டமாக இருக்கும். நமக்குக் காட்டுவதற்கு முன் அவரை எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு குரலை உயர்த்திப் பேரம் பேச எனக்கு வருவதில்லை. செயின் சத்தம் போடுகிறது என்றால் சத்தம் போடுகிறது என்று சொல்லலாம். அதற்கு ஆகும் செலவைச் சொல்லலாம். அந்த மெக்கானிக்கும் அப்படித்தான். "எடுக்கலாம் சார். செயினுக்கு ஆகுற காசைத் தனியா ஒதுக்கி வெச்சிட்டு எடுங்க" என்பதோடு அவர் தீர்ப்பு முடிந்துவிடும். வண்டியை இகழ்ந்து ஒரு சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாட்டையும் ஏ.சி.யையும் அணைத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கி, ஏதாவதொரு மதிலை ஒட்டி மெதுவாகப் போனால் வண்டியின் ஓசைகள் சுவரில் பட்டு நம்மிடமே திரும்பி வரும். நேரான சாலையில் ஸ்டீயரிங் பிடியைத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும். வேகத்தடையில் லொடக்கென்று கேட்டால் சஸ்பென்ஷன். எட்டு கியர்களும் மாறுவதை நாம் உணரவே கூடாது. நல்ல கியர்பாக்ஸ் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளாது.

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்ற அதிகாரம் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. அதன் கடைசிக் குறள் இரண்டு துன்பங்களை ஒரே தட்டில் வைக்கிறது: ஆராயாமல் நம்புவது, ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவது. முதலாவதைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். பழைய ஆடம்பரக் கார் வாங்கியவர்களை நான் பார்த்தவரையில், இரண்டாவதுதான் அவர்களை அதிகம் வாட்டுகிறது. ஒவ்வொரு சிக்னலிலும் காதைத் தீட்டிக்கொண்டு, இது புதுச் சத்தமா பழைய சத்தமா என்று நொந்துபோகிறார்கள். பார்க்க வேண்டியதை வாங்குவதற்கு முன் முழுதாகப் பார்த்துவிட்டால், வாங்கிய பிறகு வருவது ஏமாற்றம் ஆகாது. ஒதுக்கி வைத்த பணம் அதற்கென்று போகும், அவ்வளவே.

வாங்கியான பின் செய்ய வேண்டியவை சாதாரணமானவை. ஆயில், பில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் பழைய ரசீது என்ன சொன்னாலும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது; நம் ஆகாமியம் அங்கிருந்து தொடங்குகிறது. வங்கிக் கடன் தீர்ந்திருந்தால் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். ஆர்.டி.ஓ. வேலையைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். பெயர் மாறும்வரை நாம் பைபாஸில் ஓட்டிய வேகத்துக்கு அபராதச் செய்தி விற்றவருடைய போனுக்குத்தான் போகும். புது ஆர்.சி. கார்டு கைக்கு வந்ததும் அதைப் படமெடுத்து அவருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள்.