பாட்டில் வரும் 'நான்'

ஒருவர் தம் நெஞ்சிலுள்ள துயரத்தைப் பாட்டாகக் கட்டிப் பாட, அதைக் கேட்கும் ஆயிரம் பேர் அத்துயரம் தங்களுடையதே என்று எண்ணிக் கண் கலங்குவதை எல்லாத் தேசங்களிலும் காண்கிறோம். அவ்வாறு கலங்கும் வேளையில் அந்தப் பாட்டுக்குள்ளிருந்து 'நான்' என்று பேசுகிறவர் யார்? பாட்டைக் கட்டியவரா, கேட்பவரா, அல்லது இருவருக்கும் பொதுவாகப் பாட்டுக்குள் மட்டுமே வாழும் வேறொரு ஜீவனா? வெறும் இலக்கண வாதம்போலத் தோன்றும் இக்கேள்விக்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே, பாடுகிறவரிடம் நமக்கு என்ன உரிமை உண்டு, அவருக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்பவை நிர்ணயமாகின்றன.

நம் பக்தி இலக்கியத்தில் இக்கேள்வி ஒரு சங்கடமாக எழுந்ததேயில்லை; எழாமற்போனதற்குக் காரணம் உண்டு. மாணிக்கவாசகர் தம் சிறுமைகளையெல்லாம் எடுத்துச் சொல்லி அழுது பாடினார். இன்று திருவாசகம் ஓதுகிறவர் அந்த அழுகையைத் தம்முடைய அழுகையாகவே பாவித்து ஓதுகிறார். மார்கழி விடியலில் திருப்பாவை சேவிக்கும் முதியவர், ஓர் இளம்பெண்ணின் குரலில் பேசுகிறோமே என்று கூசுவதில்லை. பாடியவர், ஓதுகிறவர் ஆகிய இருவருக்கும் எதிரே மூன்றாவதாக ஒருவன் நிற்கிறான். பாட்டு அவனை நோக்கியே செல்லுகிறது. ஆகையால் கேட்பவருடைய உருக்கமும் பாடியவரிடம் தேங்கிவிடாமல், அவரைக் கடந்து, அங்கேயே போய்ச் சேருகிறது. ஆண்டாளை நாம் தெய்வமாகவே வணங்குகிறோம் என்பது உண்மைதான். ஆனால், அரங்கனைச் சேர்ந்தவள் என்ற சம்பந்தத்தினால் அல்லவா அவளை வணங்குகிறோம்?

கடவுளைக் கூப்பிடாத பாட்டுக்கு இந்த வசதி இல்லை. தனியறையில், ஒரு கிதாரையோ பியானோவையோ துணைக்கு வைத்துக்கொண்டு, தானே எழுதித் தானே மெட்டமைத்துத் தானே பாடி, பெரிய கம்பெனிகளின் தயவை நாடாமல் வெளியிடும் இளைஞர்களின் பாட்டை மேல்நாட்டில் 'இண்டி' என்கிறார்கள். அந்தப் பாட்டு பெரும்பாலும் பிரிந்துபோன காதலனையோ, தன்னையோ, யாரென்று தெரியாத ஒருவரையோ நோக்கிப் பேசுகிறது. எதிரே உள்ள பீடம் காலியாக இருக்கிறது. காலியான பீடத்தைக் கண்டால் மனித சுபாவம் சும்மா இருப்பதில்லை. கேட்பவர்கள், பாடுகிறவரையே பிடித்து அதில் உட்கார்த்திவிடுகிறார்கள். அவ்வாறு உட்கார்த்தப்பட்ட ஒரு பெண்ணின் கதை, இந்த விஷயத்தில் நமக்கு நல்ல பாடமாக இருக்கிறது.

மிட்ஸ்கி என்ற ஒற்றைப் பெயரால் அறியப்படும் அந்தப் பாடகி 1990-ஆம் வருஷம் ஜப்பானில் பிறந்தவர். தாயார் ஜப்பானியர்; அமெரிக்கரான தகப்பனார் அந்நாட்டு வெளிவிவகார இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஆகவே மலேசியா, சீனா, துருக்கி, காங்கோ என்று ஊர் ஊராக மாறி வளர்ந்தார். எங்கே போனாலும் புதிதாக வந்த பெண். நியூயார்க்கில் சினிமாக் கலை படிக்கத் தொடங்கி, அதை விட்டுப் பர்ச்சேஸ் கல்லூரியில் இசையமைப்புப் படிக்கச் சேர்ந்தார். 2012-லும் 2013-லும் வந்த முதல் இரண்டு ஆல்பங்களும் மாணவியாக இருந்தபோதே செய்தவை. 2014-இல் ஒரு சிறு கம்பெனி அடுத்ததை வெளியிட்டது. 2016-இல் 'பியூபர்ட்டி 2' வந்தது. 2018-இல் வந்த 'பி தி கவ்பாய்' என்ற ஆல்பத்தை, அமெரிக்காவின் செல்வாக்குள்ள இசைப் பத்திரிகையான பிட்ச்ஃபோர்க் அவ்வருஷத்தின் தலைசிறந்த ஆல்பமாக வரிசைப்படுத்தியது.

அந்தக் காலத்தில் அவர் மேடையேறிய விதம் கவனிக்கத்தக்கது. ஒரு சாதாரண மேஜை, ஒரு நாற்காலி, முழங்காலில் விளையாட்டுக்காரர்கள் அணிவது போன்ற கவசம். இவ்வளவுதான் அவருடைய சாதனங்கள். மேஜையின்மேல் மல்லாந்து படுத்துக் கால்களை ஒரு கணக்கோடு உயர்த்துவார்; நாற்காலியைச் சுற்றி வருவார்; முகத்திலே அழுகையின் சாயல்கூட இராது. ஒவ்வோர் அசைவும் நடன ஆசிரியை ஒருத்தியுடன் முன்கூட்டியே வகுத்துக்கொண்டது. அந்த ஆல்பத்தில் பேசுகிறவள் தாம் அல்ல, தம்மை இறுக்கி அடக்கிக்கொண்டு உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்கும் ஒரு கற்பனைப் பாத்திரம் என்றும் அவரே சொல்லியிருந்தார். ஆனாலும் கேட்டவர்கள் அதை ஏற்கவில்லை. இது இவளுடைய ரத்தம், இவளுடைய கண்ணீர், ஆகவே நம்முடையது என்று உரிமை கொண்டாடினார்கள். 'சோகப் பெண்' என்று ஒரு பட்டத்தையும் சூட்டினார்கள். வேஷம் கட்டி ஆடும் கூத்துக்காரனிடம் துரியோதனனுடைய பாவத்துக்கு யாரும் பதில் கேட்பதில்லை. ஆனால் தன் பாட்டைத் தானே எழுதுகிறவருக்கு அந்தச் சலுகையைக்கூட உலகம் கொடுப்பதில்லை.

2019 செப்டம்பரில், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்த கச்சேரியோடு மிட்ஸ்கி மேடையை விட்டு விலகினார். புகழ் உச்சத்தை நெருங்கிய வேளை அது. இடைவிடாத இந்த ஓட்டத்திலேயே இருந்தால், ஓடுவதைக்கொண்டே தம் மதிப்பை அளக்கத் தொடங்கிவிடுவோம் என்ற அச்சத்தை அவர் வெளிப்படையாகவே தெரிவித்திருந்தார். சமூக வலைத்தளங்களிலிருந்தும் அகன்றார். திரும்பி வரும் எண்ணமே அப்போது தமக்கு இருக்கவில்லை என்று பின்னால் ஒப்புக்கொண்டார். ஆனால் பீடத்திலிருந்து ஆள் இறங்கிப்போனதால் வழிபாடு நின்றுவிடவில்லை என்பதுதான் விசித்திரம். கொள்ளைநோய்க் காலத்தில் உலகமே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, அவருடைய பழைய பாட்டுக்கள் டிக்டாக் வழியாக, அவரை ஒருநாளும் மேடையில் கண்டிராத லட்சக்கணக்கான இளம்பிராயத்தினரிடம் பரவின.

இங்கே துறவைப் பற்றிய பழைய கேள்வி ஒன்று குறுக்கிடுகிறது. காட்டுக்குப் போவதுதான் துறவா? மேடையை விட்டு அகன்றவர் தம்மைப் பற்றிய பிறருடைய கற்பனையிலிருந்து அகல முடியவில்லை. தம் சித்தத்தில் ஊறிக்கொண்டிருந்த பாட்டிலிருந்தும் அகல முடியவில்லை. கம்பெனிக்கு ஒப்பந்தப்படி இன்னும் ஓர் ஆல்பம் கொடுக்கவேண்டிய பாக்கியும் இருந்தது. 2022 பிப்ரவரியில் அது 'லாரல் ஹெல்' என்ற பெயரோடு வெளிவந்தது. அமெரிக்காவின் தென்பகுதி மலைகளில், கண்ணைப் பறிக்கும் பூக்களோடு அடர்ந்து வளர்ந்து, உள்ளே புகுந்தவரை வெளியேறவிடாமல் சிக்கவைக்கும் லாரல் புதர்களுக்கு அவ்வூர் மக்கள் வழங்கும் பெயர் அது. தம் தொழிலை அவர் எவ்வாறு கண்டார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

'பாக்கியைத் தீர்க்க வந்தவரைப் போய்த் தத்துவத்தின் பெயரால் கொண்டாடுவானேன்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான ஆட்சேபம். ஒப்பந்தம்தான் கதவைத் திறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிட்டு மறைந்துபோக அவருக்குத் தடை ஒன்றும் இல்லை, அவர் மறைந்துபோகவில்லை. இந்தத் தொழில் தம்மைப் புண்படுத்துகிறது, இனியும் புண்படுத்தும், ஆயினும் இதன்மேல் உள்ள அன்பினால் இதையே செய்யவேண்டும் என்ற தீர்மானத்துக்கு வந்ததாக அவர் பேட்டியில் சொன்னார். கீதையைப் படித்தறிந்து சொன்ன வார்த்தை அல்ல. இருந்தாலும் கர்மத்தை விடுவதைக் காட்டிலும் கர்மத்தின் பலனில் உள்ள பற்றை விடுவதே மேல் என்று குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனுக்கு உபதேசிக்கப்பட்ட தர்மத்தை, ஒரு பாடகி தம் சொந்த அநுபவத்தின் வழியாகவே வந்து தொட்டிருக்கிறார் என்று நான் கருதுகிறேன்.

திரும்பி வந்தவரைப் பழைய வழக்கு விடவில்லை. 'லாரல் ஹெல்' வெளிவந்த அந்த மாதமே அவர் ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். கச்சேரியில் முழுப் பாட்டையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களைப் பார்க்கும்போது, நாம் எல்லோரும் ஓரிடத்தில் ஒன்றாக இருக்கிறோம் என்ற உணர்வே தமக்கு அற்றுப்போகிறது என்பது அதன் சாரம். தடை விதிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அதற்கே கண்டனம் கிளம்பிற்று. மனநோயினால் தங்களுக்கு ஞாபகம் நிற்பதில்லை, படம் பிடிக்காவிட்டால் அந்த மாலைப்பொழுதே தங்களுக்கு இல்லாமற் போய்விடும் என்று சிலர் வாதாடினார்கள். அவர்களுடைய கஷ்டத்தைப் பொய்யென்று தள்ள நமக்கு அதிகாரம் இல்லை. எனினும், நூற்றுக்கணக்கான சிறு வெளிச்சங்களை எதிர்நோக்கி நின்று பாடும் பெண்ணுக்கும் ஒரு கஷ்டம் உண்டென்பதைப் பலர் எண்ணியே பார்க்கவில்லை. தெய்வத்துக்கு ஏது கஷ்டம்? தெய்வமாக்குவதில் உள்ள குரூரம் இதுதான். வணங்கப்படுகிறவருடைய வலியை வணங்குகிறவர் காணமாட்டார். வேண்டுகோள் பின்னர் நீக்கப்பட்டது.

அடுத்த வருஷம், 2023 செப்டம்பரில், அவர் வெளியிட்ட ஆல்பத்தில் 'மை லவ் மைன் ஆல் மைன்' என்று ஒரு சிறு பாட்டு வந்தது. இரண்டரை நிமிஷத்துக்கும் குறைவானது. மெதுவான தாளம், அடங்கிய குரல், பின்னணியில் இழைந்து நெளியும் ஸ்டீல் கிதார். இந்த உலகத்தில் தமக்குச் சொந்தமென்று சொல்லத்தக்கது தம் அன்பு ஒன்றே என்பதும், தாம் மறைந்த பிறகும் அது மண்ணின்மேல் ஒளியாக விழுமாறு அதை ஏற்றுக்கொள்ளும்படி நிலாவிடம் கேட்பதும் அதன் கருத்து. நம் விஷயத்துக்கு முக்கியமானது, பாட்டு யாரை நோக்கியது என்பதே. காதலனும் அல்ல, கூட்டமும் அல்ல. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் மேலே, இருவருக்கும் சமதூரத்தில் நிற்கும் ஒன்று. அது கடவுள் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் காலியாகக் கிடந்த பீடத்தில் மீண்டும் ஒரு மூன்றாவது நின்றுவிட்டது. ஆகவே பாட்டும் தேங்காமல் ஓடத் தொடங்கிவிட்டது.

அந்தப் பாட்டின் 'எனது' என்ற உரிமையை ஆழ்ந்து நோக்கினால் வேறொன்றும் புலப்படும். 'நான்', 'எனது' என்ற இரண்டையும் அகங்காரத்தின் இரு கால்களாகக் கண்டு வெட்டச் சொன்னது நம் மரபு. வீடு, நிலம், பெயர், புகழ் யாவும் 'எனது' என்று சொல்லும்போதே பிறர் கைக்குப் போகத்தக்கவை. ஆனால் ஒருவர் செலுத்தும் அன்பை யாரும் பறிக்க முடியாது. அது பெறுவதால் வருவதன்று, கொடுப்பதாலேயே இருப்பது. அத்தகைய ஒன்றை மட்டும் 'எனது' என்று வைத்துக்கொண்டு, அதையும் தம் மரணத்துக்கப்பால் எல்லோருக்கும் எழுதிவைக்க விரும்புகிறவரிடம் அகங்காரத்துக்கு இடம் எங்கே?

இந்தப் பாட்டுத்தான் பில்போர்டு பத்திரிகையின் பிரதானப் பட்டியலில் மிட்ஸ்கியின் முதல் பாட்டாக இடம்பெற்று, 26-வது ஸ்தானம் வரை ஏறியது. உடைமையைத் துறக்கும் பாட்டும் சரக்காகத்தான் விலைபோகிறது என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். சந்தையின் சுபாவம் அது; அதைப் பாடகி மாற்ற முடியாது. மாற்றக்கூடியவர்கள் நாமே. ஒரு பாட்டு நம் துயரத்தைப் பேசிவிட்டால், அந்த 'நான்' அக்கணமே நமக்குத் தானமாகக் கிடைத்துவிட்டது. பிறகு பாடியவரைத் துரத்திக்கொண்டு போய் அவருடைய வாழ்க்கையையும் வாங்கிக்கொள்ள நமக்கு ஆதாரம் ஏதுமில்லை. பாட்டை ஏற்றுக்கொண்டு, பாடியவரை ஒரு சாதாரண மனுஷியாக அவர் வழியே போகவிடுவதே, கொடுத்தவருக்கு வாங்கியவர் செய்யத்தக்க மரியாதை.