யாருடைய உறக்கம்?

தூக்கம் வராதவனுக்கு மனச்சோர்வுக்கான மாத்திரையைத் தரும்போது, அவனிடம் உள்ள எதற்கு வைத்தியம் நடக்கிறது? இதை மருத்துவப் பிரச்னை என்று ஒதுக்கிவிடலாம். நானும் அப்படித்தான் ஒதுக்கியிருந்தேன், மாத்திரை என் கைக்கு வரும்வரை.

6 வருடங்களாக இரவு 3 மணிக்கு விழித்துக்கொள்கிறவன் நான். டாக்டர் விவரம் கேட்டுக்கொண்டு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் என்று எழுதித் தந்தார். வேறெதுவும் சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, “யாருக்கு சார்?” என்றார். எனக்கு என்று சொல்ல நா எழவில்லை. வீட்டில் ஒருத்தருக்கு என்றேன். அது ‘ஆன்டி டிப்ரஸன்ட்’ என்பதை அன்றிரவு தெரிந்துகொண்டேன். மாத்திரை அட்டை 11 நாட்கள் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

நான் பயந்தது பக்க விளைவுகளுக்கு அல்ல, பெயருக்கு. என்னிடம் சொல்லாமலே என்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்று தோன்றியது. எனவே பெயரை விசாரிக்கத் தொடங்கினேன்.

இந்த மருந்துக் குடும்பத்தின் சரித்திரம் வேடிக்கையானது. சுவிட்சர்லாந்தின் கெய்கி கம்பெனி இதன் மூல ரசாயனங்களைத் தயாரித்தபோது, ஒவ்வாமைக்கோ தூக்கத்துக்கோ பயன்படுமா என்றுதான் பார்த்தது. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியதும், அதன் அமைப்பை ஒத்த இமிப்ரமினை மனச்சிதைவு நோயாளிகளிடம் சோதிக்கலாம் என்று எண்ணினார்கள். ம்யூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் அந்தச் சோதனையைச் செய்த ரோலண்ட் கூன், மருந்து மனச்சிதைவுக்கு உதவவில்லை, மனச்சோர்வில் கிடந்தவர்களை எழுப்பிவிட்டது என்று கண்டு 1957இல் எழுதினார். அமெரிக்காவில் 1961இல் அனுமதி பெற்ற அமிட்ரிப்டிலின் இதன் நெருங்கிய உறவு. மனச்சோர்வுக்கு அதை வழக்கமாக 75 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். 10 மில்லிகிராமில் அது செய்கிற முக்கியமான காரியம், மூளையை விழிப்பில் வைத்திருக்கும் ஹிஸ்டமினின் வேலையைத் தடுப்பது. அதே குடும்பத்து டாக்ஸபின், 2010இல் 3, 6 மில்லிகிராம் அளவுகளில் தூக்க மருந்தாகவே அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. தூக்கத்தைத் தேடிப் புறப்பட்ட மருந்து ஊர் சுற்றிவிட்டுத் தூக்கத்திடமே திரும்பியிருக்கிறது. அதன் நெற்றியில் உள்ள பெயர் வழியில் ஒட்டிக்கொண்டது.

ஆகவே பெயரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, வெறும் ரசாயனம்தானே என்று முடித்துவிடலாமா? அதுவும் ஒரு தப்பித்தல். தூக்கமின்மையை மனச்சோர்வின் வெறும் அறிகுறியாக வெகுகாலம் கருதினார்கள். இன்று, இரண்டும் தனித்தனியானவை, ஒன்று மற்றொன்றை வளர்க்கக்கூடியது என்கிறார்கள். விடியுமுன் விழித்துக்கொள்வது எனக்கு வெறும் கெட்ட பழக்கமாக இருக்கலாம். வேறொன்றின் வாசலாகவும் இருக்கலாம். எது என்று டாக்டர் கேட்கவில்லை. நானும் கேட்கும்படி விடவில்லை. ஒரே மாத்திரை இரண்டு பிரச்னைகளுக்கும் பொருந்துகிறபோது, எந்தப் பிரச்னை என்ற கேள்வியை இருவருமே சௌகரியமாக விட்டுவிட முடிகிறது. இந்தச் சௌகரியம்தான் எனக்கு அறப் பிரச்னையாகப் படுகிறது.

மாத்திரையைத் தொடாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம் சிறுபத்திரிகை உலகில் தூங்காமை ஒரு தகுதி. ருமேனியாவில் பிறந்த சியோரான் இளமையில் தூக்கமற்ற இரவுகளில் வதைபட்டு, அதிலிருந்து 1934இல் தன் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறோம். உடனே நம்முடைய விழிப்பும் தத்துவ விழிப்பு என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் இரவு 3 மணிக்கு நான் உண்மையில் எதை யோசித்தேன்? இருத்தலை அல்ல. கூட வேலை செய்பவர் சொன்ன ஒரு சொல், கட்ட வேண்டிய தவணை, எழுதாமல் விட்ட ஒரு கடிதம். செக்கு மாடு போல இவையே சுற்றிச் சுற்றி வந்தன. லெவினாஸ் 1947இல் வெளியான தம் புத்தகத்தில் தூக்கமின்மை பற்றிக் கூறுவதன் சாரம், அங்கே விழித்திருப்பவன் ‘நான்’ அல்ல, இரவே விழித்திருக்கிறது என்பது. நான் பெருமையாக வைத்துக்கொண்டிருந்த பிரக்ஞை என் பிடியில் இல்லை. நான்தான் அதன் பிடியில் இருந்தேன்.

மாத்திரைத் தூக்கம் கடன் வாங்கியது, சொந்தத் தூக்கம் அல்ல என்கிறார்கள். தன் முயற்சியால் தூங்கியவன் யார்? முயன்றால் அது ஓடிப்போகிறது. பாயை விரித்து, விளக்கை அணைத்துக் காத்திருக்க மட்டுமே நம்மால் முடியும். குழந்தையில் அம்மாவின் தட்டல், பிறகு மின்விசிறியின் ஓசை என்று எதையோ பற்றிக்கொண்டுதான் அந்தக் கரைக்குப் போகிறோம். தூக்கம் எப்போதும் பெறப்படுவது. ஆனால் மாத்திரையையும் இந்த வரிசையில் சேர்த்துவிட எனக்குத் தயக்கம் உண்டு. அம்மாவின் தட்டல் தூங்கக் கற்றுக்கொடுத்தது. மாத்திரை எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது சிந்தனையையும் நடத்தையையும் பழக்கும் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் சொல்லியிருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையைவிட்டு எழுந்துவிடுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது: இவ்வளவு சாதாரணமான காரியங்கள். ஆனால் கூட இருந்து அதைப் பழக்கப் பல வாரங்கள் ஒருவர் வேண்டும். சீட்டு எழுத 3 நிமிஷம் போதும். மாத்திரைக்கும் மனச்சாட்சிக்கும் இடையே தனிமனிதன் தேர்ந்தெடுப்பதாகப் பேசுகிறோம். நேரம் கிடைக்காதவர்களுக்கு அந்தத் தேர்வே இல்லை.

12ஆம் நாள் நடந்தது சின்ன விஷயம். ஓய்வூதியம் பற்றி ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்ட முதியவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பாஸ் புத்தகத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். என் இரவுக்கு அவர் விலை கொடுத்திருக்கிறார் என்று பட்டது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி, நான் புரண்ட இரவுகளில் தானும் விழித்திருந்ததை நான் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. என் விழிப்பு என்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அதன் செலவைப் பிறர் பற்றில் எழுதியிருக்கிறேன்.

அன்றிரவு விழுங்கினேன். காலை ஐந்தரைக்கு எழுந்தபோது நாக்கு வறண்டிருந்தது, தலை கொஞ்சம் கனத்தது. ஆள் மாறிவிடவில்லை. பழைய நோட்டில் இரவு 3 மணிக்குக் கிறுக்கியவற்றை எடுத்துப் படித்தேன். 6 வருடக் குறிப்புகளில் இரண்டு வரிகள் தேறின. இனி அப்படி இரண்டு வரிகள் வராமல் போகலாம். அந்த இழப்பு உண்மையானது. இல்லை என்று சொல்லி மாத்திரையை நியாயப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் அந்த முதியவரின் முகத்தை அந்த இரண்டு வரிகளால் ஈடுகட்ட முடியாது.

ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போனேன். “இது எதற்கு டாக்டர், தூக்கத்துக்கா, மனசுக்கா?” என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்கதான் சொல்லணும். மனசு எப்படி இருக்கு?” என்றார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் இன்னும் அதற்குப் பதில் சொல்லி முடிக்கவில்லை. தூங்கி எழுந்தவனாக இப்போது அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.