அந்த அரை லிட்டர் எங்கே போகிறது?

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரு காரியத்தை நாம் தெரிந்துகொள்ளாமலேயே இருந்துவிட்டு, பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் அது உண்மையா, பொய்யா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் வீட்டு வாசலில் நின்ற பழைய காரிலிருந்து வந்தது.

1999-ல் பதிவான சின்ன கார் அது. மூன்று சிலிண்டர் இன்ஜின். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனதும், என் தகப்பனாரைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான். 2022-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் அதை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாலிபன் பார்க்க வந்தான். அவனுடைய தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள் திருநெல்வேலிக்குச் சிகிச்சைக்கு அழைத்து வரவேண்டும். பஸ்ஸில் அந்த அம்மாவால் முடியவில்லை. அதனால்தான் கார்.

சுற்றிப் பார்த்தான், ஓட்டிப் பார்த்தான். கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "ஐயா, வண்டியில ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல தம்பி" என்றேன். ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, பத்து நாளில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனான்.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி ஒரு வார்த்தை கேட்டாள்: "ஏங்க, சனிக்கிழமை தவறாம காருக்குத் தண்ணி ஊத்துவீங்களே, அதை அந்தத் தம்பிகிட்ட சொன்னீங்களா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊற்றிக்கொண்டே இருந்தேன்

எட்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ரேடியேட்டர் பக்கத்திலிருக்கும் சின்ன பிளாஸ்டிக் டேங்கில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி வந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 17 லிட்டர்! அந்த இன்ஜினின் வயிற்றில் மொத்தம் பிடிப்பதே சுமார் 4 லிட்டர்தான். அப்படியானால் நான்கு தடவை முழுவதுமாகக் காலியாகும் அளவுக்குத் தண்ணீர் போயிருக்கிறது. எங்கே போயிற்று? தரையில் ஒரு சொட்டு கிடையாது.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. "பழைய வண்டி, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டேன். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது பின்னால் வெள்ளைப் புகை வரும். "பனி" என்று சொல்லிக்கொண்டேன். பாளையங்கோட்டையில், அதுவும் சித்திரை மாதத்தில் பனி! மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொள்ள நினைத்தால் எதையும் நம்புவான். ஜெபித்துவிட்டுத்தான் சாவியைப் போடுவேன். ஜெபித்தேனே தவிர, மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

மெக்கானிக் சொல்லிக்கொடுத்த பாடம்

மறுநாள் காலை எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் அவசரப்படவில்லை. "முதல்ல ஆறட்டும் அண்ணாச்சி" என்றார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

ஆறினபின் மூடியைத் திறந்தார். பச்சையாக இருக்கவேண்டிய கூலண்ட், டீ மாதிரி பழுப்பாக இருந்தது. "குழாய்த் தண்ணியா ஊத்துனீங்க?" என்றார். தலையாட்டினேன். குழாய்த் தண்ணீர் உள்ளே துருவையும் உப்புப் படிவத்தையும் உண்டாக்கும். கூலண்டோடு சுத்திகரித்த தண்ணீரைச் சரிபாதி கலந்துதான் ஊற்றவேண்டும்.

பிறகு மூடியையே சோதித்தார். அதில் 0.9 என்று பொறித்திருந்தது. மூடிக்குள்ளிருக்கும் ஸ்பிரிங் அந்த அளவு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும். அதனால்தான் 100 டிகிரியில் கொதிக்கவேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் தாங்குகிறது. மூடியின் ரப்பர் காய்ந்திருந்தது, மாற்றினார். "இது மட்டும்தான்னு நினைச்சுறாதீங்க" என்றார்.

டார்ச் லைட்டோடு ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். ஹோஸ், கிளிப், ரேடியேட்டரின் ஓரத் தையல், வாட்டர் பம்ப் அடியில் இருக்கும் சின்னத் துளை. வெளியே கசிந்தால் சூட்டில் தண்ணீர் காய்ந்துவிடும், ஆனால் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு கறை நிற்கும். ஹீட்டர் இருக்கும் கார்களில் காலடி விரிப்பு ஈரமாகி, தித்திப்பான வாடை வரும். இங்கே எந்தக் கறையும் இல்லை.

அடுத்து, ரேடியேட்டரின் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். அதில் ஒரு முள் இருக்கிறது. அரை மணி நேரத்தில் முள் மெதுவாக இறங்கியது. கீழே குனிந்து பார்த்தேன், தரை காய்ந்தே கிடந்தது.

"வெளிய போகல அண்ணாச்சி. அப்போ உள்ளதான் போகுது" என்றார்.

மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். இரண்டு பழுப்பு நிறம். நடுவில் இருந்தது மட்டும் கழுவித் துடைத்தது போல் பளபளத்தது. "இது நல்லாயிருக்கே" என்றேன்.

அவர் சிரித்தார். "சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க. அந்த ரூமுக்குள்ள தண்ணி இறங்கி, ஆவியா அடிச்சு கழுவியிருக்கு. இதுதான் கெட்டது."

கடைசியாக ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி ரேடியேட்டர் வாயில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டார். எரிந்த புகை தண்ணீருக்குள் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். மாறியது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு அது. நெருப்பையும் எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் காப்பது அதுதான். எண்ணெயில் இன்னும் தண்ணீர் கலக்கவில்லை. அந்த மட்டும் தப்பித்தது.

"ஆனா டெம்பரேச்சர் முள்ளு ஒரு நாளும் ஏறலையே தம்பி" என்றேன்.

"அதை நம்பாதீங்க. சென்சார் தண்ணிக்குள்ள முங்கியிருந்தாத்தான் உண்மை சொல்லும். தண்ணி இறங்கிட்டா, வெறும் ஆவியில நின்னுக்கிட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு காட்டும்."

பிரியமானவர்களே, அந்த வார்த்தை என்னைக் குத்தியது. என் மனச்சாட்சியின் முள்ளும் எட்டு மாதமாக நடுவில்தான் நின்றது. சமாதானமாக இருக்கிறேன் என்று நினைத்தேன். அது எதையுமே தொடாமல் நின்றதால் வந்த சமாதானம்.

ஒரு பாட்டில் போதும்

செலவைச் சொன்னார். ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் போடவேண்டும். நான் எதிர்பார்த்த விலையில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். என் முகம் வாடினதைப் பார்த்து, அங்கே நின்ற இன்னொருவர் காதோடு சொன்னார்: "அண்ணாச்சி, அடைப்பு மருந்து ஒரு பாட்டில் ஊத்துங்க, ரெண்டு மாசம் தாங்கும். அந்தக் காலத்துல மஞ்சத்தூளையே போட்டு ஓட்டல? வித்தப்புறம் யாரு கேக்கப்போறா?"

சட்டம்கூட எனக்குச் சாதகமாக இருப்பதுபோல் தோன்றியது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்கிறது. அதற்கு ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. குதிரைக்குக் குறை உண்டு என்று தெரிந்தும் ஏலத்தில் ஒன்றும் பேசாமல் விற்றால் அது மோசடி அல்ல. ஆனால் அதே இடத்தில் இன்னொரு உதாரணமும் இருக்கிறது. "நீர் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குகிறவன் சொல்லி, விற்பவன் மௌனமாக இருந்தால், அந்த மௌனமே பேச்சாகிவிடும். அந்த வாலிபன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டானே! நான் மௌனமாகக்கூட இல்லையே!

இருந்தாலும் என் உள்ளம் வாதாடியது: "நான் சொன்னபோது எனக்குத் தெரியாதுதானே? நேற்றுத்தானே தெரிந்தது?"

இங்கேதான் காரியம் இருக்கிறது. தெரியாமை மூன்று விதம். தெரிந்துகொள்ள வழியே இல்லாதது ஒன்று. கவனிக்காமல் விட்டது ஒன்று. தெரிந்துவிடக்கூடாதே என்று பாராமல் இருந்தது மூன்றாவது. முதலாவதற்குக் குற்றமில்லை. இரண்டாவது அசட்டை. மூன்றாவது, பொய்யின் சொந்தத் தம்பி. பொய் சொல்லுகிறவன் உண்மையை அறிந்து மறைக்கிறான். இவனோ, மறைக்கவேண்டிய தேவையே வராதபடிக்கு உண்மையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறான்.

வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-ல் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம்முடைய விசுவாசத்தை ஏற்றுக்கொண்டவர் அல்ல அவர். ஆனாலும் அவர் சொன்ன கதை நமக்குத்தான் உறைக்கவேண்டும். ஒரு கப்பல்காரன். கப்பல் பழையது. பழுதுபார்க்கவேண்டுமோ என்ற சந்தேகம் அவனுக்கு வருகிறது, செலவை நினைக்கிறான். "எத்தனை புயலைத் தாண்டி வந்த கப்பல்! தெய்வம் காப்பாற்றும்" என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக ஜனங்களை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் மனதார நம்பினான் என்பது உண்மைதான். ஆனால் அப்படி நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபர்ட். அதோடு நிற்கவில்லை. கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான் என்கிறார்.

இது மிகவும் கடுமை என்று முதலில் நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லையென்றால் என்ன குற்றம்? யோசித்தபோது விளங்கியது. அந்தக் கார் ஐந்து வருஷம் நன்றாக ஓடியிருக்கலாம். அல்லது நாங்குநேரிக்கு அப்பால், நடுப்பகல் வெயிலில், அந்தத் தாயார் பின்சீட்டில் படுத்திருக்கும்போது நின்றிருக்கலாம். இரண்டில் எது நடக்கும் என்பது என் கையில் இல்லை. என் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அவன் கேட்ட கேள்விக்கு நான் கொடுத்த பதில். அந்தப் பதில் எது நடந்தாலும் அதே பதில்தானே!

"அப்படியானால் எல்லாவற்றையும் தோண்டிக்கொண்டே இருக்கவேண்டுமா? பிழைப்பைப் பார்க்கவேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஆராய ஒருவராலும் முடியாது. ஆனால் இரண்டு காரியம் சேர்ந்து வரும்போது தப்பிக்க வழியில்லை. அடையாளம் திரும்பத் திரும்ப வருகிறது. நான் பாராமல் விட்டால் பாரத்தைச் சுமக்கப்போகிறவன் வேறொருவன். இந்த இரண்டும் சேர்ந்தபின் "தெரியாது" என்பது சாக்குப்போக்கு மட்டுமே.

நடந்தது இதுதான்

அந்த வாலிபனுக்கு அன்று மாலையே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதமாக ஊற்றின தண்ணீரையும் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேய்யா" என்றான். "ஆமா தம்பி, சொல்லியிருக்கணும்" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

வேலையை முடித்துத் தருகிறேன் என்றேன். அவனுக்குக் காத்திருக்க நேரமில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவன் வேறு கார் வாங்கிக்கொண்டான். செலவு செய்து சரிசெய்த கார் என்னிடமே நிற்கிறது. உண்மை சொன்னதற்காக எனக்கு இரட்டிப்பாக ஒன்றும் வந்து சேரவில்லை. பணம் போனது. ஆனால் சனிக்கிழமை காலையில் டேங்கைப் பார்க்கிறேன். போன வாரம் இருந்த கோட்டிலேயே தண்ணீர் நிற்கிறது.

நண்பனே, சகோதரியே, உங்கள் வீட்டில் எங்கே அரை லிட்டர் குறைகிறது? மகள் சாப்பாட்டு வேளையில் பேசுவதை நிறுத்தி எத்தனை மாதமாயிற்று? புதுச் சுடிதார் வாங்கிக்கொடுத்துச் சமாளிக்கிறீர்களா? கணவரின் சம்பளம் மாதாமாதம் எங்கோ குறைகிறதா? கைமாற்று வாங்கி நிரப்புகிறீர்களா? நிரப்புவது பழுதுபார்ப்பது ஆகாது. நிரப்ப நிரப்பக் கசிவு மறைந்துகொள்ளும்.

ஒரு எச்சரிப்பும் சொல்லுகிறேன். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். கோபத்தின் உச்சியில் கேட்கும் கேள்வி உண்மையைக் கொண்டுவராது, கொதிநீரைத்தான் கொண்டுவரும். ஆறவிடுங்கள். ஆனால் ஆறினது என்பதற்காகப் பாராமலும் இருந்துவிடாதீர்கள்.

இன்று ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்து, "ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல" என்று சொல்லுமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள்.